14,990 ரூபாய் போச்சு: ஆன்லைனில் கியர் சைக்கிள் வாங்குபவர்கள் ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 14,990 ரூபாய். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்காக, எல்லாச் சாமானும் விற்கிற பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டி வாங்கிய சைக்கிள். 27.5 இஞ்ச் சக்கரம், 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். இன்றைக்கு அது போர்டிகோவில் சாய்ந்து நிற்கிறது. போர்க்கு (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால்) பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது, இடது பெடல் கோணலாக ஏறி மரை அறுந்துவிட்டது, முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்பதில்லை. நேற்று சாயங்காலம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது? ஒரு நட்டைக்கூட யாரும் வந்து தொடவில்லை.

விளம்பரத்தில் இருந்த வாசகம் இது: "85 சதவீதம் பொருத்தப்பட்ட சைக்கிள். மீதி 15 சதவீதத்தை எங்கள் டெக்னீஷியன் உங்கள் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பொருத்தித் தருவார்."

இந்த 85 என்ற எண்ணில்தான் ஏமாற்று தொடங்குகிறது. பெட்டியைத் திறந்தால் பிரேம், பின் சக்கரம், கிராங்க் (பெடல் மாட்டும் கை), செயின், பின் கியர் எல்லாம் மாட்டியிருக்கும். தனியாகக் கிடப்பவை ஹேண்டில் பார், முன் சக்கரம், இரண்டு பெடல், சீட்டு, சீட்டுக் கம்பி. முன் பிரேக் கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், போர்க்கில் இருக்கும், ஆனால் டிஸ்க்குக்கு நேராக வைத்திருக்க மாட்டார்கள். ஓடும்போது எது கழன்றால் ஆள் தலைகுப்புற விழுவாரோ அது அத்தனையும் அந்த 15 சதவீதத்துக்குள் இருக்கிறது. மாட்டி வந்த 85-ம் சரியாக முறுக்கி வந்ததில்லை. எங்களுக்கு வந்த சக்கரத்தில் முன் டிஸ்க்குக்கு ஆறு ஓட்டை; போல்ட் நான்கு. அதில் ஒன்று விரலாலேயே சுற்றியது.

டெலிவரி ஆன ஐந்தாம் நாள்தான் டெக்னீஷியன் வந்தார். அன்றைக்கு வீட்டில் இருந்தது அம்மா மட்டும். நம்பிக்கை எந்த இடத்தில் பிடுங்கப்பட்டது என்பதைக் கவனமாகப் படியுங்கள், எல்லா வீட்டிலும் இதே இடத்தில்தான் நடக்கும். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறார்: "அம்மா, போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க. அதைப் போட்டாத்தான் எனக்கு ஆப்புல வேலையே ஓப்பன் ஆகும்." அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் வந்த பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாதே என்றுதான்.

அந்த ஆறு எண் வேலையைத் திறக்கிற எண் இல்லை. வேலை முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று நாம் போடுகிற கையெழுத்து. ஒரு போல்டுகூட முறுக்காமல் அந்தத் தளத்தின் கணக்கில் எங்கள் சைக்கிள் முழுசாகத் தயாராகிவிட்டது. பின்னால் நடந்த அத்தனை அலைக்கழிப்புக்கும் ஆதாரமாக அவர்கள் காட்டியது இந்த ஆறு எண்ணைத்தான்.

வேலை மொத்தம் 25 நிமிஷம். "இன்னும் ஏழு வீடு இருக்கும்மா" என்று சொன்னாராம். ஒரு நாளில் அத்தனை வீட்டை அந்தத் தம்பி தலையில் கட்டி அனுப்பியவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஆனாலும் அவர் கொண்டுவந்த சாமானைச் சொல்லாமல் இருக்க முடியாது: ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல். ஆலன் கீ (ஆறு பட்டை முனையுள்ள திருகுச் சாவி) சைக்கிள் பெட்டிக்குள்ளேயே வந்தது. 15-ம் நம்பர் பெடல் ஸ்பேனர் இல்லை, கிரீஸ் இல்லை, காற்றடிக்கப் பம்பும் இல்லை. பட்டறையில் விளையாட்டாகச் சொல்வார்கள், கையால் ஏறாவிட்டால் ஸ்பேனர், ஸ்பேனரால் ஏறாவிட்டால் சுத்தியல், அதற்கும் ஏறாவிட்டால் பெரிய சுத்தியல் என்று. டீ குடிக்கும்போது சிரிப்பதற்குச் சொல்கிற பேச்சு அது. அதை ஒரு குழந்தை ஏறப்போகிற வண்டியில் நிஜமாகவே செய்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெடலில் ஆரம்பிக்கிறேன், இழப்பில் பெரியது அதுதான். சைக்கிள் பெடலில் வலது, இடது இரண்டுக்கும் மரை வேறு. வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர்மரை. மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பேனரே இல்லாமல் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். விரலால் ஏறவில்லை என்றால் பெடல் பக்கம் மாறிவிட்டது அல்லது கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முறுக்கும் திசையை மறக்காமல் இருக்க ஒரு வழி: வண்டிக்கு எந்தப் பக்கம் நின்றாலும், ஸ்பேனரை மேலாக வைத்து முன் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் பெடல் இறுகும். பின் சக்கரத்தைப் பார்த்து இழுத்தால் கழலும்.

எங்கள் வண்டியில் ஆர் பெடலைக் கொண்டுபோய் இடது கிராங்கில் வைத்து அழுத்தி முறுக்கியிருக்கிறார். பெடல் அச்சு கெட்டி எஃகு. கிராங்க் அலுமினிய அலாய். எஃகு தோற்காது, அலுமினிய மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். இரண்டு மரை போனதும் இறுகியது போலத் தெரியும், பெடல் லேசாகச் சாய்ந்து நிற்கும். அதன் மேல் சுத்தியலால் தட்டிய தடம் அச்சில் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று சொல்ல முடியாது, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் சமயத்தில் பெடல் பிடுங்கிக்கொண்டு வரும். மிதிக்கிறவள் பதின்மூன்று வயதுப் பெண். பின்னால் டவுன் பஸ் வரும்.

அடுத்தது போர்க்கு. பெட்டியில் இடம் அடங்குவதற்காகப் போர்க்கைப் பின்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து அனுப்புவார்கள். பொருத்தும்போது முதல் வேலையே அதை முன்னால் திருப்புவது. டிஸ்க் பிரேக் வண்டியில் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்: சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன் கேலிப்பர் உங்கள் இடது கைப் பக்கம், போர்க்குக் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எங்களுக்கு அது வலது பக்கம், முன்னால் துருத்திக்கொண்டு இருந்தது. பிரேக் கேபிள் கழுத்தைச் சுற்றி விறைத்துக் கிடந்தது. போர்க்கு திரும்பிவிட்டால் முன் சக்கரம் 8 சென்டிமீட்டர் வரை பின்னுக்கு வந்துவிடும். திருப்பத்தில் கால் விரல் டயரில் இடிக்கும். ஹேண்டிலை ஒடித்தால் வண்டி எதிர்பாராத மாதிரி சாயும். பார்த்தவுடன் தெரிகிற தப்பு இது. தெரியாதவரை அனுப்பினார்களா, பார்க்க நேரமில்லாதவரை அனுப்பினார்களா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹேண்டில் பிடிப்பான ஸ்டெம்மிலும் இதே கதை. இந்த மாதிரி வண்டியில் ஸ்டெம்மின் உச்சியில் ஒரு போல்ட், பக்கவாட்டில் இரண்டு போல்ட் இருக்கும். உச்சி போல்ட் ஹேண்டிலைப் பிடித்துவைக்கிற போல்ட் இல்லை. கழுத்தில் இருக்கும் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். பக்கவாட்டு இரண்டையும் தளர்த்திவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் டக் டக் என்ற ஆட்டம் நிற்கும் வரைக்கும் உச்சி போல்டை முறுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், இறுக்கும் அளவு 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் போதும். எங்களுக்கு உச்சி போல்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கி, பக்கவாட்டு போல்ட்களை அப்படியே விட்டிருந்தார். ஹேண்டில் திரும்பவே அடம் பிடித்தது. முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகினால் சக்கரம் நிற்க ஹேண்டில் மட்டும் சுற்றியது.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. முன் டிஸ்க், கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் கட்டையில் உரசிச் சத்தம் வந்திருக்கிறது. அதைச் சரி செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. கேலிப்பரைப் போர்க்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்டையும் 5-ம் நம்பர் ஆலன் கீயால் தளர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் கேலிப்பர் டிஸ்க்குக்கு நேராக உட்கார்ந்துவிடும். கேபிளில் இயங்கும் பிரேக்கில் ஒரு பக்கக் கட்டைதான் நகரும். நகராத பக்கக் கட்டையை, அதன் திருகைச் சுற்றி, டிஸ்க்கில் படாமல் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? "சத்தம் வருதும்மா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் குடுங்க" என்று கிண்ணத்தில் வாங்கி டிஸ்க்கில் விட்டிருக்கிறார். சத்தம் நின்றது. பிரேக்கும் நின்றது. டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய கட்டையைத் தூக்கித்தான் போட வேண்டும். செயினுக்கு விடும் எண்ணெயோ, துரு எடுக்கும் ஸ்பிரேயோ டிஸ்க் பக்கம் போகவே கூடாது என்பது சைக்கிள் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது.

பின் கியரும் அடிபட்டு வந்திருந்தது. கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு பெட்டியில் ஏதாவது இடித்தால் உள்பக்கம் வளையும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், செயின் ஓடும் இரண்டு குட்டிச் சக்கரமும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். வளைந்திருந்தால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் கூண்டு போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டும், சக்கரமும் கியரும் சேர்ந்து போகும். சக்கரத்தில் கோட்டம் வேறு. டியூபில் காற்று அழுத்தினால் அமுங்குகிற அளவுக்குத்தான் இருந்தது. எவ்வளவு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறது, படிக்க ஆளில்லை.

இதில் இன்னொரு கொடுமை. கிளம்பும்போது "அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கும்மா, நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப்போய்விட்டார். உதவி என்று நினைத்து அம்மா நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துத்தான் அதன் விலை தெரிந்தது.

ஐந்தாம் நாள் இரவே புகார் போட்டாகிவிட்டது. ஆறாம் நாள் பதில்: ஆறு கோணத்தில் போட்டோ அனுப்புங்கள். ஏழாம் நாள் போட்டோவும் வீடியோவும் போனது. எட்டாம் நாள்: "மாற்றிக் கொடுக்கும் காலம் டெலிவரியிலிருந்து ஏழு நாள். அது நேற்றோடு முடிந்துவிட்டது." டெக்னீஷியனை ஐந்தாம் நாள் அனுப்பியது யார்? போட்டோ போட்டோ என்று இரண்டு நாள் இழுத்தது யார்? கேட்டால் "உங்க சிரமம் புரியுது சார்" என்று அதே வாக்கியம். அடுத்த அழைப்பில் வேறு குரல்: "பொருத்துதல் திருப்திகரமாக முடிந்ததாக ஓடிபி இருக்கிறதே சார்." அதற்கடுத்த குரல்: "பெடல் நீங்களாகக் கழற்றி மாட்டியது போலத் தெரியுது, அதுக்கு வாரண்டி கிடையாது." விற்பனையாளரைக் கேட்டால் சர்வீஸ் பார்ட்னரைக் கேளுங்கள் என்கிறார். சர்வீஸ் பார்ட்னர், பாகம் வந்த நிலைக்குத் தளம்தான் பொறுப்பு என்கிறார். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண், ஒவ்வொரு தடவையும் "48 மணி நேரத்தில் அழைப்பார்கள்". யாரும் அழைக்கவில்லை. ஒரு மேலாளர் மட்டும் இறங்கிவந்து, "சரி, திரும்ப எடுத்துக்கறோம், ஒரிஜினல் பெட்டியோட கொடுங்க" என்றார். பெட்டி உங்கள் ஆள் எடுத்துப்போனார் என்றதும் லைன் கட்டாகிவிட்டது.

கடைசியாகக் கொடுக்க முன்வந்தது 300 ரூபாய் கூப்பன். அடுத்த முறை அதே தளத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கழித்துக்கொள்ளலாமாம். 14,990 ரூபாய்க்கு 300 ரூபாய் கூப்பன்!

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கணக்குச் சொன்னார். இடது கிராங்க் 450, பெடல் ஜோடி 300, முன் பிரேக் கட்டை 250, ஹேங்கர் நிமிர்த்திக் கோட்டம் எடுக்க 350, மொத்தமும் கழற்றி மாட்டும் கூலி 500. ஆக 1,850. கடையிலேயே வாங்கியிருந்தால் பொருத்திக் காற்றடித்து, ஓட்டிப் பார்த்துத் தந்திருப்பார். ஒரு மாதம் கழித்துச் சும்மாவே ஒரு முறை முறுக்கியும் கொடுத்திருப்பார். 14,990-ம் போய், மேலே 1,850-ம். வேலையை இன்னும் தொடங்கவில்லை. கழற்றிவிட்டால் சாட்சி போய்விடும் என்று அப்படியே வைத்திருக்கிறோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சீட்டில் ஏறி, தெருவில் ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கும் பிடித்துப் பார்க்கும் வரை ஓடிபி சொல்லாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் அந்த எண் உங்கள் போனுக்கு மட்டும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். "வேலை ஓப்பன் ஆகாது" என்றால் ஆகாமலே போகட்டும், திரும்பிப் போகச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து கடைசி போல்ட் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கிராங்க் போல்ட், டிஸ்க் போல்ட், முன் சக்கர நட்டு மூன்றையும் ஏறுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். கிராங்க் போல்டை முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு தடவை முறுக்குங்கள். சீட்டுக் கம்பியில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது.

வாடிக்கையாளர் சேவையில் பேசியே நாளைக் கரைக்காதீர்கள். தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் போடுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லவும் கூடாது. 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அதுவும் நகரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் 1915-ல் இன்று காலை பதிந்துவிட்டோம்.

பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். எவ்வளவு இடத்தை அடைத்தாலும் ஒரு மாதம் பரணில் கிடக்கட்டும்.